இருபது விநாடிக் காத்திருப்பு

கரண்ட் திரும்பி வந்ததும் மேஜைமேல் கிடந்த ஹேர் டிரையர் தானாக உறுமிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளியது. பக்கத்தில் சீப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த ரெஜினா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு சீப்பு தரையில் விழுந்தது. "கரண்ட் போனப்ப சுவிட்ச அணைக்காமயே வெச்சுட்டேன் போல," என்று சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். தலை முழுக்கச் சாயம் அப்பி, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோகிலவாணியும் சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யாரும் தொடவில்லை. கரண்ட் வந்தது, ஓடியது. வந்ததற்கும் ஓடியதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா நடுவில், எங்கள் கம்பெனி ஸ்டார்ட்டர் பெட்டியில் உண்டே, முதலில் சங்கு ஊதும், ஊதியபின் இருபது விநாடி சும்மா நிற்கும், அதற்குப் பிறகுதான் மோட்டார் சுற்றும், யார் கை உள்ளே இருந்தாலும் எடுத்துக்கொள்ள இருபது விநாடி, அந்த இருபது விநாடியை நேற்றுச் சாயங்காலம் பட்டியலில் பார்த்தேனா? பார்த்திருப்பாள். பார்க்காமல் ஒப்புதல் போட்டிருக்க மாட்டாள். பதினேழு வருஷ வேலை. ஆனால் பார்த்த ஞாபகம் என்று ஒன்று கைக்குச் சிக்கவில்லை. திரையின் பச்சை நிறம் ஞாபகம் இருந்தது. முரண்பாடு பூஜ்ஜியம் என்ற வரி ஞாபகம் இருந்தது. பக்கத்து மேஜைக்காரி தந்த கொய்யாத் துண்டில் மிளகாய்ப்பொடி தூக்கலாக இருந்ததுகூட ஞாபகம் இருந்தது.

"ஆடாதீங்கக்கா, நெத்தியில வழியுது," என்று ரெஜினா பஞ்சால் ஒற்றினாள். "பதினொண்ணு அம்பதுக்கு அலசிடலாம்." கணபதி மெயின் ரோட்டில் மாடியில் இருந்த அந்தச் சின்ன பார்லரில் வேறு யாரும் இல்லை. நாளைக்குக் கணவரின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். நரை தெரிய வந்து நின்றால் ஓரகத்திகள் முன்னால் ஒரு மாதிரி இருக்கும் என்றுதான் வந்திருந்தாள். நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்கும் என்றுகூட நினைத்து வந்தாள். எதிர்க் கண்ணாடியில் பின்சுவர்க் கடிகாரம் தெரிந்தது, இடம் வலம் மாறி. பன்னிரண்டே முக்கால் போலக் காட்டியது. பன்னிரண்டு தாண்டிவிட்டதா? பிறகு புரிந்தது, கண்ணாடிக் கடிகாரம், உண்மையில் பதினொன்றேகால். முள் பின்னோக்கி நகர்ந்து பன்னிரண்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலையில் மயில்சாமி லோடு ஏற்ற ஆரம்பிப்பார். அவர் ஏற்றும் லோடு மூட்டையல்ல. ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கம்பியைச் செருகி, நேற்று அவள் ஒப்புதல் போட்ட சாஃப்ட்வேரை உள்ளே இறக்குவார். ஒன்பதாயிரம் பெட்டி. திங்கள் காலையில் முதல் லாரி.

காளப்பட்டியைத் தாண்டி இருந்த அவள் கம்பெனி கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்தது. பெட்டிகள் எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றுதான், ஒரே சாஃப்ட்வேர். ஆனால் ஒரு ஊருக்குப் போகும் பெட்டி இன்னொரு ஊருக்கு ஆகாது. ஓரிடத்தில் கரண்ட் ஃபேஸ் மாறி வரும், ஓரிடத்தில் கிணறு அடிக்கடி வற்றும், ஓரிடத்தில் ஆட்கள் போனிலிருந்தே மோட்டாரைப் போட வேண்டும் என்பார்கள். எல்லாத் தேவைகளையும் நூற்று இருபத்தெட்டு ஆப்ஷன்களாகப் பிரித்து ஒரு மரம் மாதிரி கிளைகிளையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆபீசில் அதற்குப் பேரே மரம்தான். ஒரு ஆர்டர் வந்தால் எந்தெந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று டிக் போட வேண்டும். ஒருத்தர் போடுவதில்லை. விற்பனைப் பக்கம் கனகசபாபதி சார் போடுவார், அவர்தான் பிரிவுக்குத் தலைவர். சர்க்யூட் போர்டு பக்கம் ஷாநவாஸ். பாதுகாப்புப் பக்கம் இருதயராஜ். கோகிலவாணி எதற்கும் டிக் போடுவதில்லை. யார் முதலில், யார் பிறகு, இவர் கேட்டதும் அவர் கேட்டதும் இடித்தால் யார் விட்டுக்கொடுப்பது என்று பேசி முடித்து வைப்பதுதான் அவள் வேலை. மாமியார் ஒருதரம் கேட்டார், நீ அங்கே என்னதான் பண்றே கண்ணு என்று. பந்தி விசாரிக்கிற வேலைங்க அத்தை என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நிஜம். முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் கிடைக்கும். அவன் ஒன்றுக்கு டிக் போட்டால் அதோடு இடிக்கிற பத்து, அடுத்தவனுக்குத் தெரியாமலே மூடிக்கொள்ளும். கடைசிப் பந்திக்காரனுக்கு இலையில் விழுவது ரசமும் மோரும்தான். ஒன்பது வருஷமாக முதல் பந்தி இருதயராஜுக்கு. இந்தத் தடவை அவரைக் கடைசியில் உட்காரவைத்தது அவள்.

அதற்குக் காரணம் இருந்தது, நியாயமான காரணம்தான், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இருதயராஜ் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று திங்கள் முதல் மூன்று நாள் லீவு, திண்டுக்கல் போய்விட்டார். ஆர்டரோ அவசரம். முதல் ஆள் வரும்வரை மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? விற்பனை முதலில், போர்டு இரண்டாவது, வியாழக்கிழமை வந்ததும் நீங்கள் என்று போனில் சொன்னாள். "வரிசைய மாத்துனா வர்றதும் மாறும் மேடம்," என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது குத்தலாகப் பட்டது. பக்கத்தில் கனகசபாபதி நின்றுகொண்டிருந்ததாலா? அவள் இந்தப் பிரிவுக்கு வந்த ஏழு வருஷமாக அவர் 'மேடம்' என்று சொல்லும்போதெல்லாம் அதில் ஏதோ இருப்பதாகத் தோன்றுவதாலா? "எல்லாத்துக்கும் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது சார்," என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நிற்கிற மனுஷனிடம். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் திருப்பி எடுக்கவில்லை. காத்திருக்க முடியாது. மரத்தில் அந்த இருபது விநாடிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வைத்த பேர் காத்திருப்பு. எந்தக் கிளையில் இருக்கிறது அது? சங்கு என்று ஒரு கிளை. அதற்குக் கீழே காத்திருப்பு, இருபது விநாடி. கீழேயா, பக்கத்திலா? கண்ணை மூடினாள். சாயத்தின் அமோனியா நெடி மூக்கை அறுத்தது. இமைக்குள் மரம் வந்து நின்றது, பாதுகாப்பு, அதற்குக் கீழே வறட்சி நிறுத்தம், அதிக வெப்பம், சங்கு, சங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி. கூட்டல் குறியை அழுத்தினால்தான் உள்ளே இருப்பது விரியும். அழுத்தினாளா நேற்று? கூட்டல் குறி இருந்தது என்றால் உள்ளே ஒன்று இருந்தது என்று அர்த்தம். உள்ளே இருந்தது காத்திருப்பு. சங்கின் பிள்ளை அது.

அப்படியானால் நடந்தது இதுதான். ஒவ்வொன்றாக வந்தது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது. கனகசபாபதி ஆட்டோ ஸ்டார்ட்டுக்கு டிக் போட்டார். போடத்தான் வேண்டும், அந்த ஊரில் மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆட்டோவில் போட்டுவிட்டு விவசாயி வேறு வேலைக்குப் போவான், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும். அவர் செய்தது சரி. ஷாநவாஸ் சங்கை எடுத்தான். இந்த ஆர்டருக்குச் சின்ன போர்டு, அதில் சங்கை ஊதவைக்கும் பாகமே கிடையாது, எடுக்கத்தான் வேண்டும். அவன் செய்ததும் சரி. சங்கை எடுத்ததும் அதன் பிள்ளை தானாகவே போயிற்று. தாய்க் கிளையை வெட்டினால் பிள்ளைக் கிளை நிற்காது, அது மரத்தின் விதி, மரம் செய்ததும் சரி. காத்திருப்பு வேண்டாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை. பிறகு ஏன் மரம் சிவப்புக் காட்டவில்லை? ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் சங்கு இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருக்கும், இருக்க வேண்டும், இது இல்லாமலா ஒன்பது வருஷம் ஓட்டினோம்? அவள் மனசுக்குள் விதிகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். அவள்தான் எல்லாவற்றையும் போன வருஷம் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியவள். இருநூற்றுப் பதினோரு விதி. அதில் அப்படி ஒன்று இல்லை. தேவையே வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் உட்கார்ந்த இருதயராஜ் முதல் காரியமாகச் சங்குக்கு டிக் போட்டுவிடுவார், அது பூட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. அந்த விதி மரத்தில் இல்லை. அந்த மனுஷனின் விரலில் இருந்தது. அவள் அந்த விரலை மூன்று நாள் தள்ளி வைத்தாள்.

"என்னக்கா, எரியுதா?" என்றாள் ரெஜினா. முகம் அப்படித்தான் இருந்தது போலும். "இல்லப்பா." "எரிஞ்சா சொல்லிடுங்க, சில பேருக்கு ஒத்துக்காது." எரிச்சல் இருந்தது, காதுக்குப் பின்னால், ஆனால் அது எதில் சேர்த்தி என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெஜினா யாரிடமோ போனில் தன் பையன் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கண்ணாடியில் முள் பன்னிரண்டரைக்கு வந்திருந்தது, அதாவது பதினொன்றரை. சரி, இல்லையென்றே வைத்துக்கொள்வோம், காத்திருப்பு இல்லை, அதனால் என்ன ஆகிவிடும். மோட்டாரில் கை வைப்பவன் மெயினை அணைத்துவிட்டுத்தான் வைப்பான். யாராவது ஓடக்கூடிய மோட்டாரில் கையை வைப்பார்களா? ஆனால் கரண்ட் இல்லாதபோது அது ஓடக்கூடியது மாதிரியா தெரியும்? செத்த பொருள் மாதிரிதானே கிடக்கும். காலையிலிருந்து கரண்ட் இல்லை, சரி, இந்த நேரத்தில் பம்பில் அந்தக் கசிவைப் பார்த்துவிடலாம், ஷாஃப்ட்டில் சுற்றிய நூல் கயிற்றை மாற்றிவிடலாம் என்று ஒருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிவான். கரண்ட் இல்லாத நேரம்தான் கை உள்ளே போகும் நேரம். அவனுக்குப் பழைய பெட்டிதான் பழக்கம், சங்கு ஊதும், ஊதினால் எழுந்துகொள்ளலாம் என்று காது அறியும். புதுப் பெட்டியில் சங்கு இல்லை என்று கடைக்காரன் சொல்லியிருப்பான், அல்லது சொல்லியிருக்க மாட்டான். ரெஜினாவின் கை எப்படி இழுத்துக்கொண்டது. சீப்பு அடுக்குகிற கை, இழுத்துக்கொள்ள இடம் இருந்தது.

சிங்காநல்லூரில் மில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அப்பா ஃபேனைக் கழற்ற முக்காலி மேல் ஏறினார். அவளுக்கு ஒன்பது வயசு. மெயின் பாக்ஸுக்குக் கீழே அவளை நிறுத்தி, "யார் வந்து கேட்டாலும் கை வைக்க விடாதே," என்றார். அப்போது ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி எங்கோ வைத்துவிட்டுச் செய்யலாமே என்று தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவள் காவலுக்கு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் புது மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்து மாலையோடு நிறுத்தினார். தெருவே ஓடியது. அவளும் ஓடினாள். எவ்வளவு நேரம் இருக்கும், ஐந்து நிமிஷம். சந்தனம் வைத்தார்கள், எலுமிச்சையை நசுக்கினார்கள், பார்த்துவிட்டு ஞாபகம் வந்து மூச்சிரைக்கத் திரும்பினாள். யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. அப்பா இறங்கி நின்று துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "மேல நின்னேன்ல சாமி," என்றார், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு ஏன் முப்பத்து நாலு வருஷம் கழித்தும் உள்ளங்கை வேர்க்கிறது? இதே மாதிரி இதுவும் நடக்காமல் போகலாம். ஒன்பதாயிரம் பெட்டி, ஒன்பதாயிரம் கிணறு, ஒவ்வொருவனும் மெயினை அணைத்துவிட்டுக் குனிவான். ஒன்பதாயிரத்தில் ஒருவன்கூட மறக்க மாட்டான். அதைச் சொல்லிக்கொண்டபோது அவளுக்கே வாய் கசந்தது.

போன் கைப்பையில் இருந்தது. கைப்பை கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில். எழுந்தால் நாலு எட்டு. ஆனால் எழுந்து யாரைக் கூப்பிடுவது? அதிலும் வரிசை இருக்கிறதே. முறைப்படி முதலில் கனகசபாபதி. அவர் என்ன கேட்பார் என்பது தெரியும். நேத்துத்தானேம்மா ஒப்புதல் போட்டே, பச்சை காட்டுச்சுன்னியே, இப்ப வீட்ல உக்காந்துட்டு எப்படித் தெரிஞ்சுது? வீட்டில் இல்லை சார், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது ஹேர் டிரையர் துள்ளியது. இதைச் சொல்ல முடியுமா? திங்கள் லாரி நின்றால் வாடிக்கையாளருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் பேர் வரும். வரட்டும், வந்தால் என்ன, தலையையா வாங்கிவிடுவார்கள்? ஆனால் பேர் வரும். இல்லை, முதலில் இருதயராஜைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டால்? கிளை கீழேதான் இருக்கிறதா என்று. அவர் இல்லை மேடம், பக்கத்துலதான் இருக்கு என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது, வந்து தலையை அலசிக்கொண்டு போகலாம். அவரிடம் கேட்பதா? வியாழக்கிழமை வந்தவர் அவள் மேஜைக்கு வரவே இல்லை. சாயங்காலம் லிஃப்ட்டுக்கு நிற்கும்போதுதான், "நீங்க எனக்கு விட்டு வெச்சதுல டிக் போட்டுட்டேன் மேடம்," என்றார். அவள் அம்மாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்க வாயெடுத்தாள். லிஃப்ட் வந்துவிட்டது. அவர் பார்த்திருப்பாரே, வியாழக்கிழமை பார்த்திருப்பாரே, ஒன்பது வருஷம் சங்குக்கு டிக் போட்ட மனுஷனுக்குச் சங்கு மூடிக் கிடப்பது கண்ணில் படாமலா இருக்கும்? பட்டிருந்தால் ஏதாவது எழுதியிருப்பார். ஒவ்வொரு ஆர்டருக்கும் குறிப்பு எழுத இடம் உண்டு. நேற்று வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஒப்புதல் போடுமுன் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள், இது நிச்சயம் ஞாபகம் இருக்கிறது, காலியாக இருந்தது. இருதயராஜ் ஒன்றும் எழுதவில்லை என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் கை அழுத்தியது. அவர் எழுதவில்லை என்றால் இப்போதும் சரியாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இந்தப் படபடப்பு எதற்கு? கோபத்தில் அவர் வேண்டுமென்றே விட்டிருந்தால்? சே, அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. அப்படிப்பட்ட ஆளில்லை என்று எப்படித் தெரியும்? ஏழு வருஷத்தில் அவர் வீட்டில் எத்தனை பேர் என்றுகூடக் கேட்டதில்லை. நெற்றியில் ஒரு சொட்டு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள், கை பாதி வழியில் நின்றது. பன்னிரண்டேகால். அதாவது பதினொன்று நாற்பத்தைந்து. இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது என்று ஒரு மனசு சொன்னது, பத்து நிமிஷம் யோசிக்கலாம் என்றது, அலசிவிட்டே பேசலாம் என்றது. எவ்வளவு நேரமாக அந்த மனசின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அரை மணி நேரம், டிரையர் துள்ளியதிலிருந்து அரை மணி நேரம். அவளுக்குத் தன்மேல் பயம் வந்தது. எழுந்தாள்.

கறுப்புத் துணியோடு நின்று முதலில் மயில்சாமியைக் கூப்பிட்டாள். வரிசை என்னவோ ஆகட்டும், முதலில் லோடு ஏற்றும் கை நிற்க வேண்டும்.

"சொல்லுங்க மேடம்."

"மயில்சாமியண்ணா, அந்த லோடு ஏத்த வேண்டாம். ஆரம்பிக்காதீங்க."

"ஆரம்பிச்சாச்சுங்களே. சனிக்கெழம அரை நாள்தானுங்க, பசங்க சீக்கிரம் போவோணும்னாங்க. பதினொண்ணரைக்கே உக்காந்துட்டோம்."

"எத்தனை ஆயிருக்கு?"

அவர் யாரிடமோ கேட்கும் சத்தம் வந்தது. "நாப்பத்தாறுங்க. என்னங்க மேடம், பச்சைதானுங்களே காட்டுது?"

"பச்சைதான். ஆனா தப்பு. அந்த நாப்பத்தாறையும் தனியா எடுத்து வெச்சுடுங்க. மத்ததத் தொட வேண்டாம்."

"சரிங்க. யாரு சொல்லி நிறுத்துனதுன்னு நோட்டுல எழுதோணுங்க. சார் சொன்னாருன்னு எழுதட்டுங்களா?"

"நான் சொன்னேன்னு எழுதுங்கண்ணா. கோகிலவாணின்னு." சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பார்லருக்கு வெளியே மாடிப்படி, முதல் படியில் உட்கார்ந்தாள். கீழே மெயின் ரோட்டில் பஸ் ஒன்று கன்னாபின்னாவென்று ஹாரன் அடித்தது. இருதயராஜின் எண்ணைத் தேடும்போது திரையில் கறுப்பாக விரல் ரேகை பதிந்தது. அந்தப் பக்கம் மணி ஆறு தடவை அடித்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தாள், எடுக்காமல் இருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம். அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட்டுட்டிருக்கேன்," என்றார். கோயமுத்தூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் போலும். மூடுங்கம்மா, இறுக்கி மூட வேண்டாம், சும்மா மூடுங்க என்று அவர் வேறொரு குரலில் சொல்வது கேட்டது. அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. பிறகு கதவு சாத்தும் சத்தம். "சொல்லுங்க."

"சார், ஷாநவாஸ் சங்க எடுத்தப்ப காத்திருப்பும் சேர்ந்து போயிருச்சு. ஆட்டோ ஸ்டார்ட் மட்டும் இருக்கு. லோட நிறுத்தச் சொல்லிட்டேன்."

கீழே பஸ் நகர்ந்து போனது.

"சார்?"

"நிறுத்திட்டீங்களா," என்றார். கேள்வி மாதிரி இல்லை. மூச்சு விட்ட மாதிரி இருந்தது. "நான் வியாழக்கெழமையே பாத்தேன் மேடம்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். சங்குக்குக் கீழ இருந்த காத்திருப்பு போனத உறுதியா சொல்ல முடியல, சந்தேகம்தான். வெள்ளிக்கெழம மூணு மணிக்குக் குறிப்பும் எழுதுனேன். எழுதிச் சேமிக்காம வெச்சிருந்தேன். லீவுல போயிட்டு வந்து நொட்டை சொல்றான்னு நெனைப்பீங்களோன்னு. நாலரைக்கு உங்க ஒப்புதல் வந்துருச்சு. மேடம் பாக்காம போட மாட்டாங்க, அப்ப நமக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்குன்னு அத அழிச்சுட்டேன்."

"நீங்க ஒண்ணும் எழுதலயேன்னு பாத்துட்டுத்தான் சார் நான் ஒப்புதல் போட்டேன்."

அவளை நம்பி அவர் அழித்திருக்கிறார். அவரை நம்பி அவள் போட்டிருக்கிறாள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இரண்டு பேருமே நிற்காமல் இருந்திருக்கிறார்கள். இவ்வளவு நம்பிக்கை இருக்கிறவர்கள் ஏன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை? அவள் மேஜையிலிருந்து அவர் மேஜை பதினைந்தடி. நடுவில் ஒரு தண்ணீர் கேன். நேற்று முழுக்க இரண்டு பேரும் அந்தக் கேனுக்கு எத்தனை தடவை எழுந்து போயிருப்பார்கள்.

"கனகசபாபதி சாருக்கு நான் சொல்றேன்," என்றார் இருதயராஜ். "நான் பாத்தும் அழிச்சது."

"வேண்டாம் சார். ஒப்புதல் என்னுது. வரிசைய மாத்துனதும் நான். திங்கக்கெழமை ரெண்டு பேருமே போவோம்." அவள் நிறுத்தினாள். போனை வைத்துவிடலாம், காரியம் முடிந்தது, நாற்பத்தாறு பெட்டி தனியாக நிற்கிறது, மிச்சம் தொடப்படவில்லை, காத்திருப்பைச் சங்கிலிருந்து கழற்றித் தனிக் கிளையாக வைத்து ஒரு விதி எழுதினால் தீர்ந்தது. ஆனால் தீரவில்லை. இது ஒன்று. ஹேர் டிரையர் துள்ளியதால் தெரிந்த ஒன்று. ஒன்பது வருஷம் அந்த மனுஷன் முதலில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வருஷமாக யாரும் கேட்காமல், யாரும் எழுதாமல், அவர் விரல் எதையெதை முதலில் மூடியது? "சார், இந்த மாதிரி மரத்துல எழுதாம உங்க மனசுல மட்டும் இருக்கறது இன்னும் எத்தன இருக்கு?"

அவர் யோசித்தார். "எனக்கே தெரியாது மேடம். யாரும் கேட்டதில்லையே."

"நான் இப்ப கேக்கறேன். உங்களுக்கு நேரம் இருக்கா?"

"அம்மா கால் மணி நேரம் கண்ண மூடிட்டுப் படுத்திருக்கணும். இருக்கு."

அவள் எழுந்து உள்ளே போனாள். வரவேற்பு மேஜைமேல் ரெஜினா வாடிக்கையாளர் பேரெழுதும் நோட்டு இருந்தது, பேனாவும் நூலில் கட்டித் தொங்கியது. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியதும் அதன் ஒரு பக்கம் முழுக்கச் சாயமாயிற்று. "மொதல்லருந்து சொல்லுங்க."

"நீங்க சிரிக்கக் கூடாது. சில்லறை விஷயமாத் தெரியும்."

"சிரிக்க மாட்டேன்."

அவர் ஆரம்பித்தார். போனிலிருந்து மோட்டாரைப் போடும் ஆப்ஷன் இருந்தால் ஆட்டோவில் இருக்கும்போது அதை மூடிவிடுவார், இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து போட்டால் யார் சொன்னது செல்லும் என்று பெட்டிக்குத் தெரியாது. வறட்சி நிறுத்தம் இல்லாத பெட்டிக்கு மறுமுயற்சி எண்ணிக்கையை மூன்றுக்கு மேல் விட மாட்டார், வற்றிய கிணற்றில் மோட்டார் மறுபடி மறுபடி ஓடிப் பார்த்து எரிந்துபோகும். அவள் எழுதிக்கொண்டே போனாள், ஒவ்வொன்றையும் எழுதும்போது, இது எப்போதாவது மீறியிருக்குமோ, எந்த ஆர்டரில் அவர் லீவில் இருந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு டெங்கு வந்ததே, அப்போது யார் முதலில் உட்கார்ந்தது என்று பின்பக்கம் இன்னொரு மனசு ஓடிக்கொண்டிருந்தது. டெங்கு என்று ஓரத்தில் எழுதி வட்டம் போட்டாள். ரெஜினா உள்ளறையிலிருந்து வந்து இவளைப் பார்த்துத் திகைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நேரம் தாண்டிருச்சு. வாங்க, அலசணும்."

கோகிலவாணி பேனா பிடித்த கையை உயர்த்திக் கொஞ்சம் இரு என்று காட்டினாள்.

"இதுக்கு மேல விட்டா நீலம் அடிக்கும்க்கா. நாளைக்கு ஃபங்ஷன்னு சொன்னீங்க."

"அடிக்கட்டும்மா," என்றாள், போனிலிருந்து காதை எடுக்காமல்.

ஏழாவதைச் சொல்லி முடித்ததும் இருதயராஜ் நிறுத்தினார். "அவ்வளவுதான்னு நெனைக்கிறேன் மேடம்," என்றார். அவள் சரி என்று சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, தூரத்தில் அந்த வீட்டில் ஒரு குக்கர் விசிலடித்து அடங்கியது.

"இருங்க," என்றார். "இன்னொண்ணு இருக்கு."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.